‘சேமிக்கவா?’ என்று கேட்ட பெட்டி

நூலகக் கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். ஊக்கமூட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் எழுதினால் நான் செய்த தப்பைத்தான் எழுதுவேன். சரியாகச் செய்த வேலைகளும் நிறைய இருக்கின்றன. அவற்றிலிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, பாதி எனக்கே நினைவில் இல்லை.

நான் சேலத்துக்காரி. வேலையில் கடைசி எட்டு வருடம் மோகனூர்ப் பக்கம், காவிரிக் கரையோரத்து ஊர் ஒன்றில், கிளை நூலகத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆறு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் பெயரும் நேரமும் எழுதுகிற ஒரு பதிவேடு, இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். புத்தகம் எடுக்க வந்தவர்களைவிட என்னிடம் வந்தவர்கள்தான் அதிகம். ஹால் டிக்கெட், ரிசல்ட், சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, கலந்தாய்வு. ஊரில் எல்லோருக்கும் நான் ‘லைப்ரரி மேடம்’. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். இருந்தாலும் கை உதவிக்கு வராமல் இருக்காது என்று பேர் எடுத்திருந்தேன். அந்தப் பேரில் எனக்குப் பெருமையும் இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

எங்கள் கணினிகளில் முதலில் கெஸ்ட் அக்கவுண்ட்தான் இருந்தது. உங்களுக்குத் தெரியும். ஒருவர் உட்கார்ந்து வேலை முடித்து வெளியேறினால் அவர் வைத்த எல்லாம் அழிந்துபோகும். கோப்பு, பாஸ்வேர்டு, பார்த்த பக்கம், ஒன்றும் மிஞ்சாது. அடுத்தவருக்குக் கணினி புதிதாகத் திறக்கும். ரொம்பச் சரியான ஏற்பாடு. அதை நான்தான் எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். கோழிப்பண்ணையில் வேலை செய்கிற ஒருவர் மகளின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். அன்றுதான் கடைசி நாள். சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்து, அளவைக் குறைத்து, கணினியில் வைத்து முடிக்கவே மதியமாகிவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். காலி நாற்காலி என்று வேறொருவர் வந்து உட்கார்ந்து, வெளியேறும் பட்டனை அழுத்திவிட்டார். எல்லாம் போயிற்று. மனிதர் சத்தம் போடவில்லை. “இன்னொரு நாள் லீவு தரமாட்டாங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பையில் காகிதங்களைத் திரும்ப அடுக்கினார். அந்த விண்ணப்பம் போகவே இல்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. மறுநாளே கெஸ்ட் அக்கவுண்டை நிறுத்திவிட்டு, ஆறு கணினியிலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே அக்கவுண்ட் போட்டேன். உத்தரவு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு இன்னொரு வழக்கமும் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளையாவது ரிக் வண்டியில் ஏறி வெளிமாநிலத்துக்குப் போர்க்கிணறு போடப் போயிருப்பான். பள்ளிக்கூடத்தில் பதிந்த போன் நம்பர் அவனுடையதாக இருக்கும். பிள்ளை பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்கும். மாற்றலாம் என்றால் ஓடிபி ஒடிசாவுக்குப் போகும். அண்ணன் சிக்னல் இல்லாத காட்டில் இருப்பான். ஒரு நாள் முழுக்க வீண். ஆகவே கணினி ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று கேட்கும்போதெல்லாம், “சேவ் குடுத்துரு, அப்புறம் வந்து மறந்துட்டேன்னு என் உசுர வாங்காத” என்று சொல்லிச் சொல்லி, ஊர்ப் பிள்ளைகள் பெயரெல்லாம் என் கணினிகளில் தங்கிவிட்டது. பெயர் அடிக்கும் கட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் போதும், வரிசையாக இறங்கும். நமக்கு வேண்டிய பெயரைத் தொட்டால், கீழே பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத் தானே நிரம்பிவிடும். என்ன வசதி, என்ன வசதி என்று நானே மெச்சிக்கொள்வேன்.

பழுது பார்க்க வருகிற பொறியாளர் ஒருவர் இருந்தார். ஆத்தூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஒருநாள் பிரிண்டரைச் சரி பண்ண வந்தவர் கணினியைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

“கெஸ்ட்டை ஏன் மேடம் எடுத்தீங்க?”

சொன்னேன். கோழிப்பண்ணைக்காரர் கதையையும் சொன்னேன்.

“அதுக்கு வேற வழி பண்ணலாம் மேடம். ஒரு பென் டிரைவ் வாங்கி வெச்சாப் போதும். இது பொதுக் கக்கூஸ் மாதிரி. ஒருத்தர் போயிட்டு வந்தா தண்ணி ஊத்தி வெக்கணும். அடுத்தவன் கண்ணுல எதுவும் படக்கூடாது.”

“வாயக் கழுவுங்க மொதல்ல. லைப்ரரிய எதோட சேக்கறீங்க?”

அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். “சேமிக்கவான்னு கேக்கற பெட்டில ‘ஒருபோதும் வேண்டாம்’னு இன்னொரு பட்டன் இருக்குது பாருங்க. அது நம்மள மாதிரி எடத்துக்குத்தான். இல்லேன்னா அந்தப் பெட்டியே வராத மாதிரி நான் பண்ணிட்டுப் போறேன். அஞ்சு நிமிசம்.”

“சீசன் முடியட்டும், பாக்கலாம்” என்றேன். கலந்தாய்வு வாரம் அது. வெளியே இருபது பேர் நின்றார்கள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த ஐந்து நிமிடம் எனக்கு அன்றைக்குக் கிடைக்கவில்லை.

நித்யாவை எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே தெரியும். சனிக்கிழமை தவறாமல் வருவாள். அப்பா தங்கராசு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர். மகளைப் பழைய மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்ப வந்து கூட்டிப்போவார். அம்மா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். சிவில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள்.

“அது எதுக்குடீ, எல்லாரும் கம்ப்யூட்டர்ங்கறாங்க, நீ மண்ணு செங்கல்லுங்கற” என்று ஒருமுறை கேட்டேன்.

“நம்மூர்ப் பாலம் கட்டுனப்ப டியூசன் போற வழில தெனமும் நின்னு பாத்தனுங்க மேடம். ஒரு பொம்பள இன்ஜினியர் மஞ்சத் தொப்பி போட்டுட்டு நிப்பாங்க. அத்தன ஆம்பளைங்களும் அவங்க மொகத்தையே பாத்துட்டு நிப்பாங்க. எனக்கு அதானுங்க வேணும்.”

கல்லூரி விருப்பப் பட்டியலை நிரப்ப மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். வியாழனிலிருந்து சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரை. அதற்குள் பட்டியலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பூட்டிவிட்டால் முடிந்தது, மாற்ற முடியாது. வியாழக்கிழமை அப்பாவும் மகளும் வந்து மூன்றாம் நம்பர் கணினியில் உட்கார்ந்தார்கள். நித்யா முதலில் சென்னையில் ஓர் அரசுக் கல்லூரி வைத்தாள். அடுத்து கோயம்புத்தூர், பிறகு மதுரை. எல்லாம் சிவில், எல்லாம் அரசுக் கல்லூரி. ஒவ்வொன்றாகச் சொல்லும்போது தங்கராசு “சரி சாமி, சரி சாமி” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். வரிசையை இன்னும் ஒருமுறை யோசித்துவிட்டுச் சனிக்கிழமை வந்து பூட்டுகிறேன் என்றாள்.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. “மேடம், என்னமோ கேக்குதுங்க” என்றாள்.

“சேவ் குடு.”

“எல்லாரும் உக்கார்ற சிஸ்டமுங்களே மேடம்?”

பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது பாருங்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் இங்க இருக்கேன்ல? என்னைத் தாண்டி யாரு வந்து தொடப்போறா?” என்று சொல்லி, எட்டி மவுஸைப் பிடித்து நானே அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தங்கராசு மட்டும் தனியாக வந்தார். அன்று காலையிலிருந்து மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் “எனக்குப் பஸ்ஸு போயிருமுங்க மேடம்” என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள். அந்த நேரத்தில் இவர் என் மேஜைக்குப் பக்கவாட்டில் வந்து நின்றார்.

“ஏனுங்க மேடம், புள்ளையோட பட்டியல மாத்தோணுமுங்க.”

“நித்யா எங்க?”

“ஊட்ல படுத்திருக்குதுங்க. காச்சலுங்க. அதான் எங்கிட்டச் சொல்லி உட்டுச்சு.”

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார். பக்கத்திலிருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் எண். கம்ப்யூட்டர் பிரிவு. அதை முதலில் வைக்க வேண்டும், மற்றதை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்றார்.

“எல்லாத்தையுமா?”

“ஆமாங்க.”

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. திரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அது நெருடியது. இதை நான் பிற்பாடு கற்பனை செய்து எழுதவில்லை, அப்போதே நெருடியது. பாலத்தை நின்று நின்று பார்த்த பிள்ளை ஒரே நாளில் மனம் மாறுமா? நித்யாவின் நம்பர் என் போனில் இருந்தது. ஒரு நிமிடம் பேசினால் போதும். ஆனால் கைக்குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது, வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அப்பா தானே கேட்கிறார், பெற்றவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு நானே உட்கார்ந்தேன். கட்டத்தில் தட்டினேன், பெயர்கள் இறங்கின, நித்யாவைத் தொட்டேன், புள்ளிகள் நிரம்பின. சென்னையை எடுத்தேன். கோயம்புத்தூரை எடுத்தேன். மதுரையை எடுத்தேன். துண்டுக் காகிதத்தில் இருந்த எண்ணைப் போட்டேன்.

“பூட்டிரலாமுங்களா மேடம்? அதையும் சொல்லி உட்டுச்சு.”

ஓடிபி அவர் போனுக்குத்தான் வந்தது. படிக்கத் தெரியாதவர்போல் போனை என்னிடம் நீட்டினார். நான் பார்த்து அடித்தேன். பட்டியல் பூட்டிக்கொண்டது. எல்லாம் சேர்ந்து ஆறு நிமிடம்கூட ஆகியிருக்காது. “நல்லா இருக்கோணும் நீங்க” என்று கைகூப்பிவிட்டுப் போனார். நான் குழந்தைக்காரியைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை பத்தேகாலுக்கு நித்யா வந்தாள். சைக்கிளில் வந்திருந்தாள்.

“காச்சல் விட்டுருச்சா?” என்றேன்.

“எனக்கா? எனக்கென்னங்க மேடம் காச்சல்?”

அவள் நேராகப் போய் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தாள். நான் என் இடத்திலிருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினாள். பிறகு திரும்பி, “மேடம், இது வேற யாரோடதோ வந்துருச்சுங்க போல” என்றாள். பெயர் அவளுடையதுதான். பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது, பக்கத்தில் பூட்டு.

அப்பாவுக்குப் போன் போட்டாள். இருபது நிமிடத்தில் மொபெட் வந்து நின்றது. தங்கராசு உள்ளே வந்து மகள் முன்னால் நின்றார். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

“நாந்தான் சாமி. நாந்தான் மாத்தச் சொன்னேன்.”

“ஏம்ப்பா? முந்தாநாளு சரி சரின்னியே?”

“உங்கிட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயி வல்ல சாமி. அத்தன தூரம் உன்ன உட்டுப்போட்டு நான் ஊட்ல தனியா என்ன பண்ணுவேன்? அந்தக் காலேஜுன்னா பஸ்ஸு நம்மூட்டு முன்னாலயே நிக்குது. சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருவ.”

“நான் கேட்டனாப்பா பஸ்ஸ?”

அவள் கத்தவில்லை. முகத்தைக் கணினி மேஜையில் வைத்துக்கொண்டு அழுதாள். தங்கராசு துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னிடம் வந்து, “மாத்திரலாமுங்களா மேடம்? எப்பிடியாச்சும் பழையபடி பண்ணிருங்க. புத்தி கெட்டுப் பண்ணிப்போட்டேன். சென்னைக்கே போகட்டுமுங்க” என்றார்.

கலந்தாய்வு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். லைன் கிடைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினாள். பூட்டியதைத் திறக்க முடியாது. ஆனால் ஒரு விலக்கு உண்டு. மாணவி இல்லாத நேரத்தில், உதவி செய்யும் இடத்தின் தவறால் பட்டியல் மாறியிருந்தால், அந்த இடத்தின் பொறுப்பாளர் என்ன நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஐந்து மணிக்குள் மெயில் அனுப்பினால், திறந்து கொடுப்பார்கள். குடும்பத்து ஆட்களே உள்ளே போய் மாற்றியிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, அது மாணவியின் பொறுப்பு.

இந்த இரண்டு வரியையும் நான் மட்டும்தான் கேட்டேன். போன் என் காதில் இருந்தது. “கடுதாசி ஒண்ணு எழுதிக் கேக்கச் சொல்றாங்க” என்று மட்டும் அவர்களிடம் சொன்னேன்.

என்ன எழுத வேண்டும் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். எழுதுவதற்கு முன்னால் மாவட்டத்தில் எனக்கு மேலே இருந்த அதிகாரிக்குப் போன் போட்டேன். அதுதான் எனக்கு வந்த வினை. அவர் கெட்டவர் இல்லை, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

“மேடம், உங்க கையால மாத்துனதா மட்டும் எழுதிராதீங்க. கெஸ்ட் அக்கவுண்ட்ட எடுக்கச் சொல்லி உங்களுக்கு யாராச்சும் உத்தரவு குடுத்தாங்களா? இல்லல்ல? விசாரணைன்னு வந்தா மொதக் கேள்வி அதான். ரிடையர் ஆக இன்னும் பதினோரு மாசம் இருக்கு உங்களுக்கு. அவங்க குடும்ப விசயம், நீங்க ஏன் தலைய குடுக்கறீங்க?”

போனை வைத்துவிட்டுக் கடிதம் அடித்தேன். நாலு முறை அடித்து அழித்தேன். கடைசியில் நின்றது இதுதான்: ‘மாணவியின் தந்தை, பொதுக் கணினியில் சேமிக்கப்பட்டிருந்த கடவுச்சொல்லைப் பயன்படுத்தி உள்நுழைந்து, மாணவிக்குத் தெரியாமல் விருப்பப் பட்டியலை மாற்றியிருப்பதாகத் தெரிகிறது. மாணவியின் எதிர்காலம் கருதிக் கருணையுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்.’ அவர் சொல்லித்தானே நடந்தது, இது பொய்யா என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். கருணை என்று போட்டிருக்கிறோமே, இரக்கப்பட மாட்டார்களா என்றும் நினைத்தேன். எனக்குப் பயம். வேறொன்றும் இல்லை, வெறும் பயம்.

அப்பா கையெழுத்தும் இருந்தால் பலமாக இருக்கும் என்று தங்கராசுவிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து மெதுவாகப் படித்தார். ‘தந்தை உள்நுழைந்து’ என்ற இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரில் காகிதம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

“இப்பிடி எழுதுனா புள்ளைக்குக் கெடச்சிருமுங்களா மேடம்?”

“பாக்கலாம்” என்றேன்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இரண்டரை மணிக்கு மெயில் போயிற்று.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு இருக்காது. திங்கட்கிழமை அந்த ஆத்தூர்க்காரரை வரவழைத்தேன். கெஸ்ட் அக்கவுண்டைத் திரும்பக் கொண்டுவந்தார், சேமிக்கவா என்ற கேள்வியே வராமல் செய்தார், தங்கியிருந்த பெயர்களை எல்லாம் துடைத்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேலை முடிய அவர் சொன்ன அதே ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. இதை நீங்கள் நாளைக்கே செய்துவிடுவீர்கள். உங்கள் தலைமுறைக்கு இது சொல்லித் தர வேண்டியதே இல்லை. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியாருக்கு முதலில் புரியவே இல்லை, பாஸ்வேர்டைச் சேமித்தது எப்படிப் பாவம் என்று கேட்டார். முழுக்கச் சொன்னதும், “அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னீங்களா?” என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் பரிகாரமாகக் கொடுத்த ஜெபங்களைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். நாலு பத்துக்குப் பதில் வந்தது. ‘குடும்பத்தினர் கணக்கைப் பயன்படுத்தியதற்கு விண்ணப்பதாரரே பொறுப்பு. கோரிக்கை ஏற்கப்படவில்லை. உதவி மையத்தின் தவறு என்றால் மட்டும் ஐந்து மணிக்குள் திருத்திய கடிதம் அனுப்பலாம்.’ நித்யா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். எதுவும் கேட்காமல் மேஜையில் கிடந்த கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தாள். அதுவரை அவள் அதைப் பார்த்திருக்கவில்லை. இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன்.

“எங்கப்பாவுக்கு மவுஸ் புடிக்கத் தெரியாதுங்க மேடம்” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. குற்றம் சொல்கிற மாதிரியும் இல்லை. கணக்கில் ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது, பாருங்கள் என்று சொல்கிற மாதிரி இருந்தது. நான் செய்துவிடுவேன் என்று அவள் நம்பியிருக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்து பார்த்த லைப்ரரி மேடம் அல்லவா. நகலை என் முன்னால் திரும்ப வைத்துவிட்டு, மூன்றாம் நம்பரில் போய் உட்கார்ந்தாள்.

தங்கராசு வெளியே மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. பேனா என் கையில் இருந்தது, கடிதம் திரையில் திறந்தே இருந்தது. ‘மாணவியின் தந்தை’ என்பதை எடுத்துவிட்டு ‘நான்’ என்று போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. யாரோ ஹால் டிக்கெட்டுக்கு வந்தார்கள், எடுத்துக் கொடுத்தேன். யாரோ ஆதார் நகல் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். நாலரை ஆயிற்று. நாலே முக்கால் ஆயிற்று. நித்யா ஒருமுறைதான் திரும்பிப் பார்த்தாள். நான் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் தானாக மாறியது. காலம் முடிந்தது என்று வந்தது. சேமித்த பெயர்கள் இருக்கும் இடத்தை அவள் தேடித் திறந்து, தன் பெயரை மட்டும் அழித்தாள். வெளியேறினாள். பதிவேட்டில் போகிற நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். “வாரனுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதன்பிறகு நான் ஓய்வுபெறும்வரை அவள் நூலகத்துக்கு வரவில்லை. அந்தத் தனியார் கல்லூரியில்தான் சேர்ந்தாள். காலையில் நான் பஸ்ஸில் வரும்போது, அவள் வீட்டு முன்னால் கல்லூரிப் பஸ் நிற்பதைச் சில நாள் பார்த்திருக்கிறேன்.

விசாரணை எதுவும் வரவில்லை. பதினொரு மாதம் கழித்து மாலை போட்டு, சால்வை போர்த்தி, உதவும் மனம் கொண்டவர் என்று பேசி அனுப்பிவைத்தார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தப்பு எல்லோருக்கும் வரும். வெள்ளிக்கிழமை நான் செய்தது தப்பு. அவசரம், கூட்டம், மின்வெட்டு, குழந்தை அழுகை என்று அதற்கு நூறு சாக்குச் சொல்லலாம், நீங்களும் மன்னித்துவிடுவீர்கள். சனிக்கிழமை நாலு பத்துக்கு அறையில் கூட்டம் இல்லை, மின்சாரம் இருந்தது, என்ன எழுத வேண்டும் என்று தெரிந்திருந்தது. முழுசாக ஐம்பது நிமிடம் இருந்தது.